அம்மிக்கல்லுக்கும் சேர்த்து டீசல்

"அம்மிக்கல்லுக்கும் சேத்தா டீசல் போடறது?" என்று கல்லைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஒருவர் மனைவியை அதட்டியதும் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிமலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிரே ஒரு பழைய வேன். உள்ளே கட்டில், அடுப்பு. ஓசூரில் இருக்கும் மகளைப் பார்க்கவும், அப்படியே நாலு ஊர் சுற்றவும் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் மனைவி.

"திரும்பறப்ப மலை ஏறணும். பாரம் ஜாஸ்தியானா மைலேஜ் கம்மியாவும்."

"அப்ப சாமை மூட்டை, துணிப்பெட்டி எல்லாத்தையும் எறக்கிடுங்க."

"இன்னா திடீர்னு? நேத்துலேர்ந்து ஒண்ணையும் வுட மாட்டேன்னு சண்டை போட்டுக்கினு இருந்த?"

"திரும்பறப்ப இன்னொரு ஆளு ஏறினா?"

"யாரு?"

அந்த அம்மா தரையைப் பார்த்தார். "நம்ம பொண்ணுதாங்க."

"கோச்சிக்கினு போயி ரெண்டு வருசமாவுது. போனைக் கூட எடுக்கறதில்ல. வரேன்னு சொன்னாளா?"

"சொல்லல."

கணவர் குனிந்து, அம்மியை மூச்சுப் பிடித்துத் தூக்கி, மறுபடியும் வேனுக்குள் வைத்தார்.

"மிக்சி சட்னிய அவ தொடமாட்டா" என்றார்.