வேற மாத்திரை

பெயரும் முகவரியும் புகார் மனுவில் கண்டபடி. வயது எழுபத்து மூன்று. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில், இப்போது இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, நல்ல நினைவுடன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொல்வது.

என்னைத் தள்ளிவிட்டதாக என் மகள் கொடுத்த புகாரின் பேரில் என் மருமகளைக் காலையிலிருந்து காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாக அறிகிறேன். அவள் என்னைத் தள்ளவில்லை.

மகன் கப்பலில் வேலை செய்வதால் வீட்டில் நானும் மருமகளும்தான். எனக்குக் குடலில் புற்றுநோய் என்று போன வருடம் தெரிந்தது. அதற்கு முன்பே பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை எடுத்து வந்தேன், அதன் பிறகு புற்றுநோய்க்கு, அந்த மருந்தால் வந்த குமட்டலுக்கு, குமட்டல் மாத்திரையால் வந்த மலச்சிக்கலுக்கு, தூக்கத்துக்கு என்று ஏறிக்கொண்டே போனது. ஒரு டாக்டர் எழுதியதை இன்னொரு டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. "மாத்திரையிலயே வயிறு ரொம்பிடுது, சாப்பாடு எதுக்கும்மா?" என்று மருமகளைச் சீண்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே, நான் விழுங்கும் வரை நகராமல் நிற்பாள்.

போன மாதம் மருமகளுக்குக் காய்ச்சலாக இருந்ததால் மகள்தான் என்னைப் புற்றுநோய் டாக்டரிடம் அழைத்துப் போனாள். பிரஷர் பார்த்துவிட்டு டாக்டர் மகளிடம், "பிரஷருக்கு வேற மாத்திரை எழுதியிருக்கேன்" என்றார். பழையதை விட்டுவிட்டு இதைக் கொடு என்பது அவர் சொன்னது. அதன் பிறகு வீட்டுக்கு வந்து மகள் மருமகளிடம், "அண்ணி, பிரஷருக்கு மாத்திரை வேற எழுதியிருக்காங்க" என்றாள். இருக்கிறது போதாதென்று இன்னும் ஒன்று என்று மருமகள் எடுத்துக்கொண்டு, பழையதையும் புதியதையும் சேர்த்தே கொடுத்து வந்தாள். அப்போது அது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அதன் பிறகு நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது, எழுந்தால் கண் இருட்டியது. மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைக் கையால் பிடித்து நின்றவன், குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். நோய் முற்றிவிட்டது என்றார்கள். நானும் நம்பி, மனதுக்குள் எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளவும்.

நேற்று முன்தினம் காலை குளியலறையிலிருந்து வெளியே வரும்போது கால் துவண்டு சாய்ந்தேன். மருமகள் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள், சட்டை கிழிந்தது, நான் விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த நேரம் பார்த்து மகள் வீட்டுக்குள் நுழைந்தாள். அப்பா தரையில், அண்ணி கையில் கிழிந்த துணி, அவ்வளவுதான் அவள் பார்த்தது. மருமகள் பிடித்திருக்காவிட்டால் இடுப்போடு மண்டையும் போயிருக்கும்.

இங்கே வார்டு டாக்டர் மாத்திரைகளையெல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டு, "பழசை நிறுத்தலையா?" என்று மருமகளைக் கேட்டார். "இன்னும் ஒண்ணு சேர்த்துன்னுதானே நெனச்சேன்" என்றாள். அதன் பிறகு பல மாத்திரைகளை நிறுத்தினார்கள். இப்போது தலை சுற்றவில்லை.

மகள் சொல்லைக் கேட்டுத்தான் இரண்டையும் கொடுத்தாளா என்று இதை எழுதும் காவல் அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: ஆம். இதைச் சொல்லாமல் மருமகளை மீட்க முடியுமா என்று படுத்தபடி யோசித்துப் பார்த்தேன், முடியாது. மகளுக்கு இது இன்னும் தெரியாது. என் மேல் உயிரையே வைத்திருப்பவள். முதலில் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டேன். புகார் கொடுத்தவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அதிகாரி சொன்னதால், வராந்தாவில் இருந்த மகளை உள்ளே அழைக்கச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"வேறன்னுதானேப்பா நானும் சொன்னேன்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, வேறன்னுதான் சொன்ன" என்றேன்.

அவளுக்கு ஒரு நாற்காலி போடும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. மகள் என் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ள, நானே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)