காஷ்மீர் வரை யார் ஓட்டுவது

விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா கணவரிடம் கேட்டார்: "வூட்டையே ஓட்டிகிட்டுப் போவப் போறீங்க. மயக்கம் வரும்னு டூர்காரங்ககிட்ட சொன்னீங்களா?"

இருவரும் கேரவன் டூரில் சேர்ந்திருப்பது பேச்சில் தெரிந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள எட்டு வண்டிகள் வரிசையாகக் காஷ்மீர் வரை போகும். அவரவர் வண்டியை அவரவரே ஓட்ட வேண்டும்.

"ஃபாரத்துல இல்லன்னு எழுதிட்டேன்" என்றார் அவர். "போன மாசம் ஒரு தடவதான வந்துச்சு."

"அந்த ஒரு தடவதான் பீங்கான் லோடோட லாரிய வயல்ல எறக்குனீங்க."

அந்த அம்மா டூர்காரர்களுக்குப் போன் போட்டு, மயக்கம் வந்ததைச் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"டிரைவர் குடுக்கறாங்களாம். நீங்க வரலாம், ஓட்டக் கூடாது."

"முப்பது வருசம் லாரி ஓட்டுனவன் சும்மா உக்காந்து வரணுமா?"

"முப்பது வருசமா நீங்க வர்ற வரைக்கும் வூட்டுல பயந்துகிட்டு உக்காந்திருந்தேன். இருவது நாளு எம்பக்கத்துல உக்காருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, "சரி, வரேன்னு சொல்லு" என்றார்.

வளைவில் பஸ் டிரைவர் பிரேக் போட்டார். இவருடைய வலது காலும் தரையை அழுத்தியது.