பெரியக்காவுக்கு விழுந்த எண்

இரண்டு மனுஷிகளை ஒரே மனுஷியாக ஆக்கிக் காட்டியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். அதையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், தேநீர் ஆறுவதற்குள் செய்து முடித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பாததற்கு உங்களைக் குறை சொல்லவும் முடியாது. என் குறட்டை தாங்காமல் மாடி வீட்டுக்காரர் என்னிடம் வாங்கும் வாடகையைப் பாதியாக்கி, அதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

தண்ணீர் வரி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, என் மகள் என்னை ஓர் இலவச மருந்து மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வயதானவர்களுக்கு மாதாமாதம் மாத்திரைப் பொட்டலம் வீட்டுக்கே போகும். அதை நடத்துகிறவர் ஒரு மருந்தாளுநர் அம்மா. ஆளுக்கு ஒரு வரியாக எல்லோரும் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணைக்குள் இருந்தார்கள். வரி இருந்தால் பொட்டலம் உண்டு.

அந்த அட்டவணையோடு பேசுவதற்கு எஸ்க்யூஎல் என்று ஒரு மொழி இருக்கிறது. என் காலத்தில் அதற்குக் கை கால் குறைவு. ஒரே மாதிரி வரிகளைச் சேர்க்கச் சொன்னால், எல்லாவற்றையும் பிசைந்து ஒரே உருண்டையாகக் கையில் கொடுக்கும். உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று தெரியாது. நான் வெளியே வந்த பிறகு அது வளர்ந்துவிட்டது. இந்த வயதில் இணைய வகுப்பில் சேர்ந்து ‘பார்ட்டிஷன் பை’, ‘ரோ நம்பர்’ என்று புதிதாகப் படித்தேன். இது யாரையும் பிசையாது. ஒரே மாதிரி இருப்பவர்களைத் தனித்தனிக் கும்பலாக நிறுத்தி, கும்பலுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுக்கும். ஒன்றை வைத்துக்கொள், மீதியை அழி என்று சொன்னால் நகல்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஒழிந்துபோகும். அது புரிந்த அன்று நான் குதித்த குதியில் கீழ் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது.

மையத்தில் நகல்தான் பெரிய தலைவலி.

“ஒரே ஆளு மூணு தடவை பதிஞ்சிருக்காங்க சார். மூணு பொட்டலம் போகுது. வெளியில காத்துக்கிட்டு நிக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார் மருந்தாளுநர் அம்மா.

“நாளைக்குச் சாயங்காலம் ஒரு நகல் இருந்தாக்கூட என் மீசையை எடுத்துடறேன்மா.”

“உங்களுக்கு மீசையே இல்லையே சார்.”

“அந்த தைரியத்துலதான் சொல்றேன்.”

பெயரை நான் நம்பவில்லை. ஒரே பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருந்தார்கள். ஆகவே பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று எழுதினேன். நியாயமான விதி. இன்றைக்கும் அதை நியாயமானது என்றுதான் சொல்வேன்.

மறுநாள் எல்லோரையும் என் மேசையைச் சுற்றி நிற்கவைத்தேன். அழிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். இரண்டாம் எண் விழுந்தவர்களின் வரிகள் திரையில் இறங்கின. நடுவில் எங்கள் எதிர்வீட்டுக் கதவு எண் வந்தது.

அந்த வீட்டில் இருப்பவர்கள் இரட்டையர். தையல் கடை நடத்தி ஓய்ந்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். தெருவே அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றுதான் கூப்பிடும். பெரியவர் பத்து நிமிடம் மூத்தவர். அந்தப் பத்து நிமிடத்தைப் பத்து வருடம் மாதிரி வைத்து அதிகாரம் பண்ணுவார். இருவருக்கும் ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே கதவு. இதய நோயும் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். சின்னக்காவுக்கு எண் ஒன்று. பெரியக்காவுக்கு எண் இரண்டு.

தெரியாமல் நடந்தது என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அன்று காலையில்தான் இருவரும் துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போட்டதை என் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தேன்.

“முடிஞ்சுதா சார்?” என்றார் பின்னாலிருந்து மருந்தாளுநர் அம்மா.

நிறுத்தியிருந்தால் என் விதியில் ஓட்டை என்று சொல்ல வேண்டியிருக்கும், அத்தனை பேர் முன்னால். “முடிஞ்சுதும்மா. ஒரு பிசகு கிடையாது,” என்று சொல்லிப் பொத்தானைத் தட்டினேன். கைதட்டினார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்காக யாரும் கைதட்டியதில்லை. எல்லோரும் போன பிறகு அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே தலைமையகத்திலிருந்து பேசினார்கள். மற்ற மையங்களுக்கும் நான் வந்து இதைக் கற்றுத்தர வேண்டுமாம். பிழையே இல்லாத வேலை என்று அறிக்கையில் எழுதிவிட்டார்களாம். ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தால் யார், ஏன் சேர்த்தார் என்று பதிவாகும். கற்றுத்தரும் வேலை முடியட்டும் என்று இருந்தேன். தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பெரியக்கா மையத்துக்கு வந்தார். மருந்தாளுநர் அம்மா அன்று விடுப்பு.

“தம்பி, ஒரு பொட்டலம்தான் வந்துச்சு. தங்கச்சி பேரு போட்டிருக்கு.”

“கம்ப்யூட்டர்ல உங்க பேரு இல்லையேக்கா.”

“நான்தான் இங்க நிக்கிறேனே.”

“நீங்க நிக்கிறீங்க. அதுல இல்லையே.”

“அப்ப நான் என்ன பேயாப்பா?”

“பேய்க்கு எதுக்குக்கா மாத்திரை?”

இருவரும் சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம். புது மனு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தார். காத்திருப்போர் வரிசையின் கடைசியில் சேர்த்தேன். அந்த மாத்திரையை வெளியில் வாங்கினால் அவர்கள் வீட்டு வாடகை போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

“நீ பாத்துக்குவேல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் ஊர் ஊராகப் போய்க் கற்றுத்தந்தேன். இந்தப் பகுதியில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கடைசி ஊரிலிருந்து திரும்பியபோது எதிர்வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

பெரியக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள் மருந்தாளுநர் அம்மாவிடம் நானே சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அழித்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “முன்னாடியே தெரியுமா சார்?” என்றார். தெரியும் என்றேன். மகளும் நம்பினாள். என் பேச்சை அவள் நம்பியது அந்த ஒரு முறைதான்; அதன் பிறகு என்னோடு பேசவில்லை. நீங்களும் இப்போது நம்பி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சின்னக்கா மட்டும் நம்பவில்லை.

“போப்பா, உன் வாயில என்னைக்கு நிஜம் வந்திருக்கு,” என்றார். “அவளுக்கும் பொட்டலம் வந்துச்சு. என் பக்கத்துல உக்காந்துதான் தினமும் போட்டுக்குவா. வயசாச்சு, போய்ட்டா. நீ எதுக்கு அதைத் தூக்கித் தலையில வச்சுக்கிற?”

திரும்பத் திரும்பப் போனேன். திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டார். இங்கே வருவதற்கு முன்னால் கடைசியாகப் போனபோது, காலியாக இருந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, விதியை எழுதியது, பொத்தானைத் தட்டியது, பேய் என்று சிரித்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அன்று அவர் என்னை அனுப்பிவிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வெறும் தண்ணியத்தான் குடிப்பா தம்பி. குடிச்சுட்டு, போட்டாச்சுன்னு சொல்லுவா. ஒரு நாள் அவ குளிக்கப் போனப்ப டப்பாவை எடுத்து ஆட்டிப் பாத்தேன். சத்தமே வரல. எடுத்த இடத்துல அப்படியே வச்சுட்டேன். கேட்டா, என்னோடதுல பாதியக் குடுக்கணும்ல. எனக்கு பயமா இருந்துச்சு.” என் பக்கம் திரும்பினார். “நீ சொன்னது நிஜம்தான்ப்பா.”