ஐஸில் உப்பு போட்டது பற்றி அப்பாவு எழுதிக் கொடுத்தது

என் பெயர் அப்பாவு, வயது 52, தகப்பனார் பெயர் ராமன், சொந்த ஊர் சின்னசேலம் பக்கம். நாற்பத்தொரு வருஷம் தில்லி ஜங்புராவில் மதராசி கேம்பு என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்து, போன ஜூனில் கேம்பை இடித்த பிறகு நரேலாவில் அரசு கொடுத்த வீட்டில், நான்காவது மாடியில், என் தங்கை முத்தம்மா, அவள் மகள் உமாமகேஸ்வரி (வயது 20) ஆகியோருடன் வசித்து வருகிறேன். மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். ஏழாவதும் பாஸாகியிருப்பேன், வாத்தியாருக்கு என் மேல் பொறாமை. இந்தி பேசுவேன், எழுத வராது என்பதால் ஏட்டு ராஜவேல் அவர்கள் தமிழிலேயே எழுதச் சொல்லி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். 16-2-2026 திங்கட்கிழமை இதே ஸ்டேஷனில் நான் சொல்லிப் பதிவான வாக்குமூலம் சரியல்ல. அதனால் இதை எழுதுகிறேன்.

மகிபால்பூர் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் ஐஸ் சறுக்குக் கூடத்தில் நான் ஐஸ் சூப்பர்வைசர். ஏட்டு முறைத்ததால் அதை அடித்துவிட்டு எழுதுகிறேன்: பெருக்கும் வேலை. பெண்கள் சம்பளம் வாங்கி ஆடும் ஐஸ் ஹாக்கி லீக், நாலு டீம், முதல் சீசன், ஜனவரியில் அங்கே தொடங்கியது. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் லடாக் பெண்கள், நடக்கும் முன்பே ஐஸில் சறுக்கியவர்கள். ஆனால் கோல் காக்க ஆள் போதவில்லை. என் உமா அரசுப் பள்ளியில் தரை ஹாக்கிக்குக் கோல்கீப்பராக இருந்தவள் என்பதால் டீம் கோச்சான லடாக் மேடம் அவளை எடுத்துக்கொண்டார். சிபாரிசு செய்தது நான் என்று கேம்பு ஜனங்களிடம் சொல்லியிருக்கிறேன். நான் செய்யவில்லை.

முதலில் அவளுக்கு ஐஸில் நிற்கவே வராது. ஐஸை மழமழப்பாக்கும் வண்டி ஓட்டும் குணா, எங்கள் கேம்பில் எதிர் வீட்டிலிருந்த பவுனு என்ற அம்மாளின் மகன், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அதைத் தள்ளிக்கொண்டே சறுக்கச் சொல்லிக் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் பதினோரு கோல் வாங்கினாள். நரேலாவில் நான் மூன்று என்று சொன்னேன். அதன் பிறகு ஏழு, அதன் பிறகு நாலு. ஐந்தாவது ஆட்டத்தில் முப்பத்திரண்டு அடிகளைத் தடுத்தாள், டீம் முதல் முறையாக ஜெயித்தது. நான் எழுபது என்று சொன்னேன். ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடையில் நின்றுகொண்டு, வெளிநாட்டுக்காரன் அவளைக் கேட்டு வந்திருக்கிறான், நான்தான் யோசிக்கிறேன் என்றேன். கடையில் இருந்தவர்கள் கை கொடுத்தார்கள். மார்ச் மாதம் இந்திய டீம் பயிற்சி முகாமுக்கு அவள் பெயரை அனுப்புவதாக மேடம் சொன்னது மட்டும் நான் கூட்டிச் சொன்னதல்ல.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பயிற்சியில் சுலபமான பந்தெல்லாம் (ரப்பர் வில்லைதான், நான் பந்து என்பேன்) காலிடுக்கில் போனது. ஊர்க் கண் என்றாள் முத்தம்மா. ஊருக்கு யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

15-ஆம் தேதி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம். மூன்று மணிக்கு நான் கல் உப்புப் பாக்கெட்டோடு போய், ஐஸ் ஓரத்தில் அவளை நிறுத்தி, ஒரு கைப்பிடி எடுத்துத் தலையைச் சுற்றினேன்.

"மாமா, ஜல்தி பண்ணு. மேடம் பாத்தா என்னா இதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். அவங்களுக்கும் சேத்து சுத்திட்டுப் போறேன்."

"ஹெல்மெட்டோட சுத்துனா பலிக்குமா?"

"கண்ணு ஹெல்மெட்டப் பாத்தா வருது? துப்புடி."

சிரித்துக்கொண்டே என் கையில் மூன்று முறை துப்பினாள். அதன் பிறகு உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டாள். சுற்றிய உப்பை நெருப்பில் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் கரைக்க வேண்டும். கூடத்தில் தீப்பெட்டி கொண்டுபோக விடமாட்டார்கள். ஐஸும் தண்ணீர்தானே என்று நினைத்தேன். தவிர, கேம்புக்குப் பக்கத்தில் போகல் கடைத்தெருவில் குல்ஃபிக்காரர் ஐஸில் உப்பைப் போட்டுத்தான் குல்ஃபியைக் கல்லாக்குவார், இருபது வருஷம் பார்த்திருக்கிறேன். உப்புப் போட்டால் அவள் காலடியில் ஐஸ் இறுகும், கண்ணும் கழியும் என்று எண்ணி, கோலுக்கு முன்னால் வலது கம்பத்தருகே அந்தக் கைப்பிடியையும், பாக்கெட்டிலிருந்து இன்னொரு கைப்பிடியையும் போட்டு, சுரண்டிய ஐஸ் தூளால் மூடினேன். யாரும் பார்க்கவில்லை. நாலே காலுக்குக் குணா வழக்கம்போல் வண்டி ஓட்டினார்.

இரண்டாவது பகுதியில், ஆளுக்கொரு கோல் இருக்கும்போது, உமா வலது பக்கம் பாய்ந்தாள். உப்பு இளக்கியிருந்த அந்த இடத்தில் அவள் ஷூ பிளேடு இறங்கியது. கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பியது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தாண்டிக் குதித்து ஓடியவர் குணா. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகமூடியைக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டு, "கோலாச்சா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பந்து வலைக்குள் கிடந்தது.

முட்டியில் இரண்டு ஜவ்வு அறுந்துவிட்டதென்றும், ஒரு வருஷம் சறுக்கக் கூடாதென்றும், அதற்குப் பிறகும் கோல் காப்பது சந்தேகம் என்றும் டாக்டர் சொன்னார். மேடம் அந்தக் குழியில் விரலை விட்டு நக்கிப் பார்த்து உப்பு என்றார். முந்தைய வெள்ளிக்கிழமை டீம் மேனேஜர் கன்னத்தில் அறைந்தபோது, "ஒருநாள் பாருங்க" என்று குணா எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்ததால், மேனேஜர் அவர் மேல் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு திங்கட்கிழமை எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு, ஏதாவது பார்த்தாயா என்று கேட்டார். மூன்றரை மணிக்குக் குணா கோல் அருகே குனிந்திருந்ததைப் பார்த்தேன் என்றேன். எஸ்.ஐ. எழுதினார். என் பேச்சை இதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. அவர் எழுத எழுத நான் சொல்லிக்கொண்டே போனேன். கையில் பாக்கெட் இருந்தது என்றேன், நீலக் கலர் என்றேன், என்னைப் பார்த்ததும் மறைத்தார் என்றேன். நீலப் பாக்கெட் அப்போது என் பையில் இருந்தது. அன்று சாயங்காலம் குணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை உமாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பவுனு நாலு மாடி ஏறி, அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம், "அண்ணே, நீங்க நாலு பேரு மத்தியில பேசத் தெரிஞ்சவரு. ஸ்டேஷன்ல எம் புள்ளைக்காக ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அவர் படி இறங்கிய பிறகு உமா கேட்டாள்.

"மாமா, அந்த உப்ப எங்க கொட்டுன?"

"நாலு ரோடு கூடற எடத்துல."

"மகிபால்பூர்ல எந்த நாலு ரோடு?"

நான் சொன்னேன். சிக்னல் கம்பத்தைச் சொன்னேன், பழரச வண்டியைச் சொன்னேன், அங்கே ஒரு நாய் படுத்திருந்ததையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"நாயி என்னா கலரு மாமா?"

கறுப்பு என்றேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவுனு கொண்டுவந்த கஞ்சியைத் தொடவில்லை. இன்று காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று அவளிடம் சொன்னதற்கும் திரும்பவில்லை.

உப்பைப் போட்டது நான். குணா போடவில்லை. மூன்றரை மணிக்குக் குணா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவரை நான் பார்க்கவில்லை. அவரை விட்டுவிட்டு என் மேல் என்ன போட வேண்டுமோ போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது நான் செய்ததும் நான் கண்டதும் மட்டுமே. ஏட்டு படித்துக் காட்ட, கேட்டேன். கூட்ட ஒன்றுமில்லை, குறைக்கவும் இல்லை. இந்தக் காகிதத்தை யாராவது நரேலாவுக்குக் கொண்டுபோய் உமாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் இங்கேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது. நான் படித்தால் நம்பமாட்டாள்.

(ஒப்பம்) ரா. அப்பாவு
19-2-2026, தில்லி
என் முன்னிலையில்: ராஜவேல், தலைமைக் காவலர்