பாக்கி ஒரு பேப்பர்

நாத்தனார்: அந்த டிபன் டப்பாவைக் கீழ வைங்க அண்ணி. இன்னிக்கு நீங்க மில்லுக்குப் போகல.

அண்ணி: போகாம? சூப்பர்வைசர் என்ன உன் மாமனாரா, சும்மா விட?

நாத்தனார்: எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள மாமனார்... பேச்ச மாத்தாதீங்க. காலேஜுக்குப் போறோம்.

அண்ணி: நான் படிச்சு முடிச்சு மூணு வருஷமாச்சு வாயாடி.

நாத்தனார்: முடிச்சீங்களா?

அண்ணி: ...வீட்ல எல்லாருக்கும் தெரியுமே.

நாத்தனார்: வீட்டுக்கு நீங்க சொன்னது தெரியும். நான் வேலை பாக்குறது காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடை. ரிசல்ட் பட்டியல் எங்க மெஷின்லதான் நகல் எடுப்பாங்க. தாள் சூடு ஆறல, அதுல உங்க பேரு. புள்ளியியல், பெயில்.

அண்ணி: அப்போ இத்தனை நாளும்... உங்க அண்ணன்கிட்ட...

நாத்தனார்: மூச்சு விடல. தப்பு யாருதுன்னு எனக்குத் தெரியாதா? பரீட்சை அன்னிக்கு காலேஜ் கேட்டுக்கு வெளியே உங்க பாப்பாவத் தூக்கி வெச்சிருந்தது நான். பால்குடிப் பிள்ளை, அடக்க முடியல. நீங்க பாதிப் பரீட்சையில எழுந்து ஓடி வந்தீங்க.

அண்ணி: லீவு போட்டு வெயில்ல நின்ன பொண்ணு நீ. உன் மேல என்னடி தப்பு? எனக்குத்தான் மனசு கேக்கல.

நாத்தனார்: இன்னிக்கு கேக்கும். பாப்பா என்கூட கடைக்கு வர்றா. இப்ப அவ பேசற பேச்சுக்கு அவதான் என்னை அடக்கணும்.

அண்ணி: இன்னிக்கு என்ன?

நாத்தனார்: பத்து மணிக்கு அரியர் பரீட்சை. இதுதான் கடைசி வாய்ப்பு, விட்டா பட்டம் கிடையாது. நானே ஃபாரம் நிரப்பி... உங்க கையெழுத்தையும் போட்டுட்டேன். திட்டறதுன்னா சாயங்காலம் திட்டுங்க. இந்தாங்க ஹால் டிக்கெட்.

அண்ணி: குடு, பாக்கறேன்... அடிப்பாவி!

நாத்தனார்: என்ன அண்ணி? சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

அண்ணி: லீவு நேத்தே சொல்லியாச்சுடி. நாலு மாசமா சாப்பாட்டு நேரத்துல தறி மறைவுல உக்காந்து படிக்கிறேன். மறுபடி தோத்தா வீட்ல மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் மில்லுக்குன்னு கிளம்பினேன். ஃபாரமும் போட்டேன். ஒரே பேருக்கு ரெண்டு வந்திருக்கே, எது உங்களுதுன்னு காலேஜ் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாங்க. உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா, நீயே சொல்லட்டும்னுதான் இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டேன்... அன்னிக்கே என்னோடத வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, உன்னோடதக் காட்டி, இதுதான் என்னுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.