மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி

என் அறைக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் உட்காரச் சொல்வேன். காவல்துறையில் எல்லா அதிகாரிகளும் அப்படிச் செய்வதில்லை. காவலர்கள் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை விசாரிப்பதுதான் உதவி ஆணையரான என் வேலை. அடிபட்டவர்களை நிற்கவைத்துப் பேசினால் உண்மை வராது. அழுகைதான் வரும்.

டெல்பின் டீச்சரையும் உட்காரச் சொன்னேன். சாந்தோமில் குடியிருப்பவர். அவருடைய தம்பி நோயல் அடையாறில் வாகனச் சோதனையின்போது இன்ஸ்பெக்டர் முருகனை எதிர்த்துப் பேசியிருக்கிறான். நிலையத்துக்குள் நடந்து போனவன் மறுநாள் வலது கையில் மாவுக்கட்டோடு வெளியே வந்தான். கழிவறையில் வழுக்கி விழுந்ததாக முருகன் சொன்னார். எங்கள் காவலில் இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுவார்கள். செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். டீச்சர் அவன் பெயரில் வழக்குப் போட்டார். நீதிமன்றம் விசாரிக்கச் சொன்னது. விசாரணை என்னிடம் வந்தது.

நிலையத்தின் கேமரா அன்று வேலை செய்யவில்லை. ஆனால் நேரில் பார்த்த ஒருவர் இருப்பதாக டீச்சர் சொன்னார். பெயரை மட்டும் சொல்ல மறுத்தார்.

"அந்த அக்காவுக்குப் பொண்ணு இருக்கு சார். ஜட்ஜ் கூப்பிட்டா நேரா வந்து சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பேரு வேணாம்."

காபி வரவழைத்தேன். அவர் கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை இருந்தது.

"டீச்சர், நீங்க பாவசங்கீர்த்தனம் பண்றத ஃபாதர் வெளிய சொல்லுவாரா? இந்த ரூமும் அப்படித்தான்."

கோப்பையை மேஜையில் வைத்தார். பிறகு கோயிலில் செய்வதுபோலத் தலையைக் குனிந்து, சன்னமான குரலில் சொன்னார். "ஷீலாக்கா. ஸ்டேஷன் பெருக்கறவங்க."

அவர் படியிறங்கியதும் முருகனைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் நடைமுறை அது. எந்த நிலையத்தின் மீது புகாரோ, அந்த நிலையத்திடமே கருத்துக் கேட்போம்.

"நம்ம ஷீலாவாய்யா?" முருகன் சிரித்தார். "தெனம் எனக்கு டீ வாங்கியாந்து குடுத்துக்கினு கீது. இன்னா தெகிரியம் பாருங்க."

"அவசரப்படாதீங்க."

"இல்லைங்கய்யா. நம்ம பாத்ரூம் டைல்ஸுதான் சரியில்ல."

நானும் சிரித்தேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்த வாரமே நிலையத்தில் ஒரு செல்போன் காணாமல் போனது. ஷீலாவை விசாரித்தார்கள். கழிவறையில் வழுக்கி விழுந்ததில் தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனாள். மகள் வர்ஷினி கொடுத்த புகாரும் என்னிடம்தான் வந்தது. முருகனிடம் கருத்துக் கேட்டேன். ஈரத் தரை என்றார். அன்று காலை அந்தக் கழிவறையைக் கழுவியவள் ஷீலாதான் என்பதால், கவனக்குறைவு அவளுடையது என்று அறிக்கை கொடுத்தேன். தர்க்கத்தில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் முருகனிடம் பெயரைச் சொன்னபோது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பெருக்குகிறவள் சாட்சி சொல்லி ஒரு இன்ஸ்பெக்டர் சிறைக்குப் போனால், நாளை எந்தக் காவலர் துணிந்து லத்தியைத் தொடுவார்? இந்த நகரம் நிம்மதியாகத் தூங்க வேண்டாமா? நீங்கள் எழுதிக்கொள்வதில் எனக்குப் பயமில்லை. புகாராகக் கொடுத்தாலும், இதுவும் கருத்துக் கேட்டு அந்த நிலையத்துக்குத்தான் போகும்.

நோயல் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டான். அதன்பின் டீச்சர் ஒருமுறை வந்தார். உட்காரச் சொன்னேன்.

"உங்ககிட்ட மட்டும்தான சார் சொன்னேன்" என்றார்.

மறுபடியும் நாற்காலியைக் காட்டினேன். காபி வந்து, ஆடை கட்டி, ஆறியும் போனது. போகிறவரை நின்றுகொண்டே இருந்தார். ஒருவர் மரியாதை கொடுத்து உட்காரச் சொல்லும்போது, படித்தவர்கள்கூட இப்படி நடந்துகொள்கிறார்களே. என் மனதில் இன்றும் உறுத்துவது அது ஒன்றுதான்.