சம்மட்டிக்கு ஆள்

– அப்போ சம்மட்டி அடிக்கிறது யாரு?

– என் ஜோடி ஷபீதான்மா. நான் கம்பிய இடுக்கியில புடிச்சிக்குவேன், அவன் அடிப்பான். உருண்டைக் கம்பி சதுரமாவணும். காலேஜுல ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாருக்கும் கொல்லுப்பட்டறை உண்டு, ஒருத்தனால செய்ற வேல இல்ல அது.

– இடுக்கி புடிச்ச கையில இன்னாத்துக்கு ராஜா இவ்ளோ கொப்புளம்? நர்ஸுகிட்டயே கத சொல்றியா?

– மாத்தி மாத்தி அடிப்போம்மா. அதெல்லாம் ஒண்ணுமில்ல.

– கைய ஆட்டாத. எரியும், பொறுத்துக்கோ. நாளைக்கு ரயிலு ஏர்றதுக்குள்ள இன்னொரு கட்டு போட்ருவேன்.

– ரேடியோ கேட்டியா?

– கேட்டேன். வார்டு முழுக்க சொல்லிட்டேன், எங்க ஜெயகரன் சோப்பு டப்பாவுல ரேடியோ பண்ணியிருக்கான்னு. சத்தம்தான் கம்மி.

– இயர்போன்லதான் கேக்கும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான். உனக்கும் உன்கூடத் தங்கியிருக்கற ரோஸ் ஆன்ட்டிக்கும் சண்ட வரப் போவுது. அடுத்த லீவுக்கு ஸ்பீக்கர் வெச்சுத் தர்றேன்.

– வேணாம் ராஜா, இதுவே போதும்.

– அவங்க எப்ப வர்றாங்க? லீவு பூரா கண்ணுலயே படல.

– கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனவதான. வருவா. பேச்ச மாத்தாத. உன் தோஸ்த்து ஷபீக்கு முறுக்கு கட்டி வெச்சிருக்கேன். குடுத்துடுவியா?

– குடுக்கறேன்.

– எப்படிக் குடுப்ப?

– இன்னாம்மா கேள்வி இது?

– ஆவணி மாசம் ஒரு பையன் தோல் டேனரியில கைய அறுத்துக்கினு வந்தான். நான்தான் தையலுக்குக் கூட நின்னேன். பேரு கேட்டா ஷபீ அஹமதுன்னான். நான் உங்கம்மான்னதும், ஆன்ட்டி, ஜெயகரன் எப்படி இருக்கான்னு அவன்தான் என்னக் கேட்டான். சேந்த மாசமே காலேஜ விட்டுட்டு அவங்கப்பாவோட தொழிலுக்கு வந்துட்டானாமே.

– அப்பவே ஏன் கேக்கல?

– அதுக்கப்புறமும் நீ வாரா வாரம் எழுதுன. ஷபீயும் நானும் சினிமா போனோம், ஷபீ எனக்கு ட்ராயிங் சொல்லிக் குடுத்தான். கேட்டா எழுதறத நிறுத்திடுவியோன்னு பயம். இப்ப சொல்லு. யாரு அடிக்கிறா?

– யாருமில்லம்மா. ரெண்டு ரெண்டு பேரா சேத்தாங்க, அவன் போனதும் நான் ஒத்தையாயிட்டேன். எல்லாரும் அவங்கவங்க வேல முடிச்சிட்டு யாராவது வருவாங்களான்னு நிப்பேன். அதுக்குள்ள கம்பி ஆறிடும். மறுபடி உலையில வைப்பேன். அப்புறம் நானே ஒரு கையில புடிச்சிக்கினு ஒரு கையில அடிக்க ஆரம்பிச்சேன்.

– வாத்தியார்கிட்ட சொல்றதுதான?

– சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நான் இனிமே காலேஜுக்குப் போவலம்மா. அங்க ஒருத்தனும் எங்கூட பேசறதில்ல, என்னால முடியல. இங்கயே ஏதாவது வேல தேடிக்கறேன்.

– அப்பா போனப்புறம் உன்னப் படிக்க வெச்சது இதுக்கா?

– உனக்கு இன்னாம்மா தெரியும்? ராவுல பேசிப் பேசி தூங்கவே விடறதில்லன்னு எழுதுவியே, உனக்குத் தொணைக்கு ரோஸ் ஆன்ட்டி இருக்காங்க.

– நீ காலேஜ் சேந்த மறு வாரமே ரோஸ் சோளிங்கர் ஆஸ்பத்திரிக்கு மாத்தலாகிப் போய்ட்டா, ராஜா.